ஒட்டுவதா, தைப்பதா, தூக்கிப் போடுவதா? சிங்கப்பூர் ஈரத்தில் மலையேற்றச் சாமான்கள்

சிங்கப்பூரில் மலையேற்றச் சாமான்கள் நடந்து தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். நம் ஊரின் பெரிய மலையே புக்கிட் தீமாதான், அதுவும் 164 மீட்டருக்குள். வார இறுதியில் மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காடு, எப்போதாவது உபின் தீவு, நீண்ட விடுமுறை வந்தால் எல்லை தாண்டி மலேசியாவின் 1,276 மீட்டர் குனோங் லேடாங் மலை, தெம்பு இருந்தால் கினபாலு. மீதி நாளெல்லாம் மலையேற்ற பூட்ஸும் கூடாரமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டர் அறையில், இரும்புக் கதவுக்குப் பின்னால், தீபாவளிக்கு வாங்கிய கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். ஆண்டு சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும் ஊர் இது. குளிர்நாட்டு வீடியோக்களில் சொல்லும் பழுதுபார்ப்பு வழிகளில் சில இங்கே எடுபடாது. ஒன்றிரண்டு அங்கேயைவிட இங்கே நன்றாகவே வேலை செய்யும்.

பூட்: எந்தப் பசை, யார் கை?

சோல் பிரிந்துவிட்டது என்று பசை தேடி ஓடுவதற்கு முன் ஒரு சோதனை. சோலுக்கும் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் மிட்சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கித் திரும்பி வந்தால் நல்லது. நகம் உள்ளே இறங்கி, பழைய ரஸ்க் போலப் பொடி உதிர்ந்தால் அந்தப் பூட்டை எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது. பசை ஒட்டும், ஆனால் அது ஒட்டியிருக்கும் மிட்சோல் அடுத்த படியிலேயே பிய்ந்து வரும்.

இதற்குப் பெயர் நீராற்பகுப்பு. கனமான மலையேற்றப் பூட்டுகள் பலவற்றில் மிட்சோல் பாலியூரித்தேன். அதில் பாலியெஸ்டர் வகையின் வேதிப் பிணைப்புகளைக் காற்றில் உள்ள ஈரமே கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போட்டு நடந்தாலும் நடக்கும், பெட்டியில் மூடி வைத்தாலும் நடக்கும். 'ரெண்டு தடவைதான் போட்டேன், புதுசு மாதிரிதான் இருக்கு' என்று எடுத்துக்கொண்டு போகிறவர்களின் சோல்தான் பாதி மலையில் வாய் பிளக்கிறது. லேசான நடைக் காலணிகளில் மிட்சோலாக இருக்கும் ஈ.வி.ஏ. என்ற நுரைப்பொருளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது வருடங்கள் போகப் போகத் தட்டையாகும், அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு மலை ஏறுகிறவர் சிங்கப்பூரில் எதை வாங்குவது என்று கேட்டால் என் ஓட்டு ஈ.வி.ஏ.வுக்குத்தான்.

மிட்சோல் உறுதியாக இருந்து விளிம்பு மட்டும் பிரிந்திருந்தால் அப்போது பசையைப் பற்றிப் பேசலாம்.

சூப்பர் குளூ வேண்டாம். காய்ந்ததும் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். பூட்டோ ஒவ்வோர் அடியிலும் விரல்மடிப்பில் வளைகிறது. முதல் ஏற்றத்திலேயே விரிசல் விடும். அதைவிட மோசம், அது படிந்து கெட்டியான இடத்தில் அப்புறம் வேறு பசையும் சரியாகப் பிடிக்காது.

மஞ்சள் நிறத்தில் வரும் காண்டாக்ட் பசைதான் செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்துவது. பழைய பசையை உப்புத்தாளால் சுரண்டி, இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். விரலால் தொட்டால் இழுக்கக் கூடாது, அதுதான் பதம். பிறகு ஒரே தடவையில் சரியாக வைத்து அழுத்த வேண்டும், வைத்தபின் நகர்த்த முடியாது. பெரும்பாலானோர் தோற்பது அந்தப் பத்து நிமிடத்தைப் பொறுக்காமல்தான். வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டியூபில் வரும் பாலியூரித்தேன் பசை. விலை அதிகம், காய ஒரு நாளாவது ஆகும். ஆனால் காய்ந்த பிறகும் ரப்பர் போல வளையும், இடைவெளி இருந்தால் நிரப்பிக்கொள்ளும். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் அது இறுகுகிறது, அதனால் நம் ஊர்ச் சீதோஷ்ணம் அதற்குத் தோது. பழைய சைக்கிள் டியூபைப் பூட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டி மறுநாள்வரை விட்டால் போதும். வீட்டில் நானே செய்வதென்றால் எனக்கு இதுதான்.

நான்காவது வழி, நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் செருப்பு அங்கிள். ஒட்டியதோடு விடாமல் சோலைச் சுற்றித் தைத்தும் தருவார். தாழ்வான காலணிக்கு அந்தத் தையல் பிரமாதம், பசை விட்டாலும் நூல் விடாது. நீர்புகாத உள்சவ்வு இருக்கும் பூட்டென்றால் மட்டும் யோசிக்க வேண்டும். ஊசி எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்துச் சவ்வில் ஓட்டை விழலாம். "தைக்காதீங்க அங்கிள், ஒட்டினா போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் நல்லது செய்வதாக நினைத்துத் தைத்தே தருவார்.

மலையிலேயே பிரிந்தால்? டக்ட் டேப் ஈர ரப்பரில் ஒட்டாது. பையில் இருக்கும் மெல்லிய கயிற்றைச் சோலுக்கு அடியில் கொடுத்துக் கணுக்காலில் கட்டுவதுதான் அடிவாரம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

கூடாரமும் மழைச் சட்டையும்

இங்கே சண்டை இரண்டு ரசாயனங்களுக்கு நடுவில். கூடாரத் துணிக்கு மேல்பூச்சு சிலிக்கோனா, பாலியூரித்தேனா என்று தெரியாமல் தையல் அடைப்பான் வாங்குவது வீண் செலவு. சிலிக்கோன் மேல் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் நிற்காது, உரிந்து வந்துவிடும். கண்டுபிடிப்பது சுலபம். தையலின் உள்பக்கத்தில் தொழிற்சாலையிலேயே ஒட்டிய நாடா இருந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் பாலியூரித்தேன்தான், சாதாரண நாடா சிலிக்கோனில் பிடிக்காது. நாடாவே இல்லாமல் துணி இரண்டு பக்கமும் வழுவழுவென்று வழுக்கினால் சிலிக்கோன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சிலிக்கோன் என்றால் கடை அடைப்பானுக்குப் போட்டியாக ஒரு கைவைத்தியம் உண்டு. ஹார்ட்வேர் கடையில் விற்கும் சுத்தமான சிலிக்கோன் சீலண்டை மினரல் ஸ்பிரிட்டில் கரைத்து, பழைய பிரஷ்ஷால் தையலில் தடவுவது. கடைப் பொருளுக்குக் குறையாமல் நிற்கும், செலவும் குறைவு. தீப்பிடிக்கும் திரவம் என்பதால் சமையலறைப் பக்கம் வேண்டாம்.

பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் அதுவும் பூட் மிட்சோலுக்கு வந்த அதே நோய்தான். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசலாம் என்பார்கள். முழுக் கூடாரத்துக்கு அது முதுகு ஒடிக்கும் வேலை. சிறிய பைக்கு முயன்று பாருங்கள், கூடாரத்தை விட்டுவிடுங்கள்.

மழைச் சட்டையில் தண்ணீர் உருளாமல் துணிக்குள் ஊறினால் உடனே நீர்விலக்கு ஸ்பிரே வாங்க வேண்டாம். முதலில் மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, லேபிள் அனுமதித்தால் டிரையரில் மிதமான சூட்டில் சுற்றுங்கள். பழைய பூச்சுக்கு அதிலேயே உயிர் திரும்புவதுண்டு. திரும்பாவிட்டால், உள்ளே லைனிங் வைத்த சட்டைக்கு ஸ்பிரே, ஒற்றைத் துணிச் சட்டைக்குத் துவைக்கும்போதே ஊற்றும் வகை. (புக்கிட் தீமா மழைக்கு மழைச் சட்டை போட்டால் வெளியே மழையும் உள்ளே வேர்வையுமாக இரண்டு பக்கமும் நனைவோம். குடைதான் சரி. சட்டை கினபாலு உச்சிக்கு.)

பை: தேக்காவா, பீச் ரோடா, சொந்தக் கையா?

துணியில் கிழிசல் என்றால் ஊசியைவிட ஒட்டுநாடா மேல். தையல் போட்டால் ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். பழுதுபார்க்கும் நைலான் நாடாவை மூலைகளை வட்டமாக வெட்டி, ஆல்கஹால் ஸ்பிரிட்டால் துடைத்த துணியில் ஒட்டினால் போதும். கூர்மூலை வைத்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

எடை தாங்கும் இடத்தில் கதை வேறு. தோள்பட்டை வார் பிரிந்த பையைத் தேக்கா சந்தையின் மேல்மாடித் தையல்கடை ஒன்றில் நீட்டினேன். அக்கா வாரை இரண்டு விரலால் மடித்துப் பார்த்தார். "நாலு மடிப்பு இருக்கு தம்பி. என் மெஷின்ல விட்டா ஊசி ஒடியும். உள்துணி கிழிஞ்சிருந்தா கொடு, இப்பவே தைச்சுத் தரேன்." நேர்மையான பதில். ரவிக்கை தைக்கும் மெஷினுக்கு நைலான் வார் எதிரி.

பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவு நிலையத்தின் ராணுவச் சந்தையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான சரக்கு. தேசிய சேவைப் பையன்களின் சீருடையும் பையும் வாரும் பார்த்த கைகள். வார் தையலுக்கு என் தேர்வு அங்கேதான்.

கையாலேயே தைப்பதென்றால் தடித்த ஊசி, பாலியெஸ்டர் நூல். பருத்தி நூல் இந்த ஈரத்தில் இற்றுப்போகும், வெயிலை நைலானைவிட பாலியெஸ்டர் அதிக நாள் தாங்கும். பழைய துளைகளிலேயே ஊசியை விட்டுப் பின்தையல் போடுங்கள். அசிங்கமாக இருக்கும், ஆனால் நிற்கும்.

ஜிப்புக்குத் தையல்காரரே வேண்டாம். பற்கள் ஒழுங்காக இருந்தும் பின்னால் வாய் திறந்துகொண்டால் குற்றம் ஓடும் ஸ்லைடரில். இடுக்கியால் அதன் இரு ஓரங்களையும் லேசாக அழுத்துங்கள். சரியாகாவிட்டால் பின்பக்கத்து எண்ணைப் பார்த்து, 5 என்றால் 5, 8 என்றால் 8, அதே வகையில் புது ஸ்லைடர் வாங்கி மாட்டுங்கள். முழு ஜிப்பையும் மாற்றச் சொல்கிறவர்களிடம் இதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

மாற்றியமைப்பதில் நான் சிக்கனக்காரன். நீளமான வார்நுனிகளை வெட்டி எடை குறைக்கும் மோகம் புரிகிறது, ஆனால் வெட்டியது வெட்டியதுதான். பையை விற்கும்போதோ, மழைச் சட்டைக்கு மேல் மாட்டும்போதோ அந்த நீளம் தேவைப்படும். சுருட்டி ரப்பர் வளையம் போடலாம். உடைந்த பக்கிளுக்கு மட்டும் தாராளமாக மாற்று வாங்குங்கள். ஒரு பக்கம் வெட்டு விட்ட பக்கிள் கேட்டால் தையலைப் பிரிக்காமலே வாரை நுழைத்துவிடலாம். போகும் முன் வாரின் அகலத்தை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் வாருக்கு 25 மில்லிமீட்டர் பக்கிள் மாட்டினால் பார்க்கச் சரியாக இருக்கும், எடை ஏறியதும் வழுக்கும்.