பழைய கூரை ஒழுகினால் எந்தப் பாலிசி கைகொடுக்கும்?

மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, உட்கூரையில் பழுப்பாக ஒரு கறை. 'பாலிசிதான் இருக்கிறதே' என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்கிறது. கூரைக்கு ஐந்து வயதென்றால் அந்தச் சமாதானத்தில் நியாயம் உண்டு. பதினெட்டு வயதென்றால், கையெழுத்துப் போட்டது எந்த வகைப் பாலிசியில் என்பதைப் பொறுத்து, அதே கறைக்கு முழுத் தொகையும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம்.

எந்த வகையானாலும் முதலில் தாண்ட வேண்டிய படி ஒன்றுதான். திடீரென்று, எதிர்பாராமல் நேர்ந்த சேதத்துக்கே வீட்டுக் காப்பீடு பணம் தருகிறது. புயலில் ஓடு பறந்தது, கிளை முறிந்து விழுந்து தகடு கிழிந்தது என்றால் கோரலாம். வெயிலில் வெடித்த பூச்சு, துருவேறிய ஆணி, புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்தில் விலகிப்போன தகடு, இலை அடைத்துத் தண்ணீர் தேங்கிய வடிகுழாய் ஆகியவை தேய்மானம் அல்லது பராமரிப்புக் குறை என்று ஒதுக்கப்படும். வயது மட்டுமே மறுப்புக்குக் காரணமாகிவிடாது. புயல் கிழித்த பழைய கூரையும் புயல் சேதம்தான். ஆனால் பழைய கூரையில் புயல் செய்தது எது, காலம் செய்தது எது என்று பிரிப்பது கடினம். தகராறு முழுவதும் அங்கேதான்.

சேதத்தைப் பார்வையிட வரும் சர்வேயர் அந்தக் கறையை மரத்தின் ஆண்டு வளையங்களைப் போலப் படிப்பார். என் வீட்டில் அதைக் கண்ணால் பார்த்தேன். முந்தைய இரவுப் புயலே காரணம் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வளையங்கள் தெரிந்தன. தண்ணீர் மூன்று முறையாவது வந்து காய்ந்திருக்கிறது. மேலே விட்டத்தில் விரல் அழுந்தும் அளவுக்கு மரம் மக்கியிருந்தது. ஈரம் பட்ட ஓரிரு நாளில் பூஞ்சை பிடிக்கலாம், மரம் மக்க மாதங்கள் ஆகும். கோரிக்கை மறுக்கப்பட்டது. வருத்தமாக இருந்தாலும் அவர் சொன்னது சரி.

இனி பாலிசிகளை ஒப்பிடலாம். முதல் பிரிவு, எந்தக் காரணங்களுக்குக் காப்பு என்பது. ஒரு வகையில் தீ, புயல், ஆலங்கட்டி என்று பட்டியல் இருக்கும். சேதம் பட்டியலில் உள்ள காரணத்தால்தான் வந்தது என்று நாம் காட்ட வேண்டும். இன்னொரு வகை, விலக்கியவை போக மற்ற எல்லாவற்றுக்கும் காப்பு தருவது. அதில் விலக்கு பொருந்துகிறது என்று நிறுவனம்தான் பொதுவாகக் காட்ட வேண்டும். ஒழுகல் போலக் காரணம் மங்கலான விஷயத்தில் இந்தப் பொறுப்பு மாற்றம் பெரிய பலம். பட்டியல் வகையில் இன்னொரு நிபந்தனையும் பல நேரம் ஒளிந்திருக்கும்: காற்று முதலில் கூரையிலோ சுவரிலோ திறப்பை உண்டாக்கி, அதன் வழியே மழை நுழைந்திருந்தால்தான் உள்சேதத்துக்குப் பணம். ஏற்கெனவே இருந்த விரிசல் வழியே இறங்கிய நீருக்கு இல்லை. விலை கொஞ்சம் கூடினாலும் இரண்டாவது வகையையே நான் எடுப்பேன். ஆனால் கட்டடத்துக்கு அந்த வகையும் வீட்டுப் பொருள்களுக்குப் பட்டியல் வகையுமாகக் கலந்து எழுதிய பாலிசிகளும் உண்டு. உட்கூரைக்குப் பணம் வரும், அடியில் நனைந்த சோபாவுக்கு வராது.

இரண்டாவது பிரிவுதான் பழைய கூரைக்காரரின் பணப்பையைத் தொடுகிறது: புதிதாகப் போட ஆகும் செலவைத் தரும் புது மதிப்பா, கூரையின் வயதுக்கேற்ப அதில் குறைத்துத் தரும் தேய்மானம் கழித்த மதிப்பா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூரையின் ஆயுள் 25 ஆண்டுகள், முழுவதையும் மாற்ற ஆகும் செலவு 100 பங்கு, ஒவ்வொரு கோரிக்கையிலும் நாம் ஏற்க வேண்டிய முதல் பங்கு 10 என்று வைத்துக்கொள்வோம். 15-ஆம் ஆண்டில் புயல் கூரையை முழுதாக அழித்தால், புது மதிப்புப் பாலிசி 90 தரும். மற்றது 60 பங்கைத் தேய்மானமாகக் கழித்து, மீதி 40-இல் முதல் பங்கையும் கழித்து, 30 தரும். 20-ஆம் ஆண்டில் அது 10 ஆகிவிடும். 23-ஆம் ஆண்டில் மிஞ்சும் மதிப்பே 8 என்பதால் கூரைக்கென்று எதுவும் வராது.

அப்படியானால் புது மதிப்பே மேல் என்று உடனே சொல்லிவிட முடியாது. அந்தப் பாலிசிகள் பலவும் முதலில் தேய்மானம் கழித்த தொகையைத்தான் தருகின்றன. வேலையை முடித்து, குறித்த கெடுவுக்குள் ரசீதைக் காட்டினால்தான் மீதி வரும். இடைப்பட்ட செலவைத் தாங்கக் கையில் பணம் வேண்டும். அதைவிட முக்கியமானது, பெரும்பாலான ஒழுகல்கள் கூரையை அழிப்பவை அல்ல, பத்து ஓடுகளோ ஒரு மூலைத் தகடோ மாற்றினால் முடிபவை. அந்தச் செலவு நம் முதல் பங்குக்குள்ளேயே அடங்கிவிட்டால் இரண்டு பாலிசியும் ஒன்றுதான்: இரண்டும் எதுவும் தராது. புது மதிப்புக்குக் கூடுதல் பிரீமியம் கட்டுவது பெரும்புயலுக்காகத்தானே தவிர, ஒழுகலுக்காக அல்ல.

மூன்றாவதாக, கூரையை விலக்கிவிட்டு அல்லது வயதுக்கேற்ற சதவீத அட்டவணையில் கட்டுப்படுத்திவிட்டு, குறைந்த பிரீமியத்தில் தரப்படும் பாலிசி. இதை நான் அஞ்சுவதற்குக் காரணம் கூரை அல்ல, அதன் அடியில் உள்ளவை. சாதாரணப் பாலிசிகள் பலவற்றில், தேய்ந்த கூரையைச் சரிசெய்யப் பணம் கிடைக்காவிட்டாலும், அதன் வழியே திடீரென்று இறங்கிய நீர் கெடுத்த உட்கூரை, மின்கம்பிகள், மரத்தளம் ஆகியவற்றுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. விலக்கு வாசகம் 'கூரைச் சேதம்' என்பதோடு நிற்கிறதா, 'கூரை வழியே வரும் நீரால் நேரும் எல்லாச் சேதமும்' என்று நீள்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் சிக்கனமாகத் தெரிந்த அந்தப் பாலிசியை வாங்க வேண்டாம்.

கடைசி மாற்று, கூரைக்கென்று தனியாகச் சேமிப்பது. காப்பீட்டுக்கு இது முழு மாற்றாகாது. ஆனால் ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த கூரைக்கு என் தேர்வு இதுதான்: வீட்டின் உள்பகுதிக்கு விரிவான காப்பு, கூரைக்குத் தேய்மானம் கழித்த மதிப்பு, மிச்சமாகும் பிரீமியம் கூரை மாற்றும் நிதிக்கு. சிறிய ஒழுகலுக்குக் கோரிக்கை வைத்து அடுத்த ஆண்டுப் பிரீமியத்தை ஏற்றிக்கொள்ளவும் தேவையில்லை. கூரை இளமையாக இருந்தால் இது பொருந்தாது. அப்போது புது மதிப்பு தயக்கமில்லாமல் கட்டத் தகுந்தது. எதற்கும் புதுப்பிப்புக் கடிதத்தைப் படிக்காமல் வைத்துவிடாதீர்கள். புது மதிப்பாக இருந்தது அங்கே ஒரே வரியில் தேய்மான மதிப்பாக மாறியிருக்கலாம்.

எந்தப் பாலிசியானாலும், ஒழுகல் கண்ட அன்றே படம் எடுத்து, தார்ப்பாய் போட்டு மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுத்து, உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தார்ப்பாய்ச் செலவைத் தரும் பாலிசிகளும் உண்டு, ரசீதை வைத்திருங்கள். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கூரையையும் உட்கூரையையும் தேதியோடு படம் எடுத்து வைத்தால், அடுத்த புயலுக்கு மறுநாள் சர்வேயர் டார்ச்சைச் சாய்க்கும்போது, நேற்று வரை அங்கே வளையம் எதுவும் இல்லை என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும். அன்று என்னிடம் அது இல்லை.