ஒரே தேங்காயின் இரண்டு கரி: சாயத்தண்ணீருக்கு எது சரி?

வீட்டுத் தண்ணீர் வடிகட்டியில் இருக்கும் கறுப்புக் குருணை பெரும்பாலும் கொட்டாங்குச்சியில் செய்ததுதான். தரமான சரக்கு, பெயர் பெற்ற சரக்கு. அதனாலேயே சாயப்பட்டறைக் கழிவுக்கும் அதையே கொட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறத்தை எடுக்க, அதே தேங்காயின் மட்டையில் நார் உரித்தபின் குவியும் நார்க்கழிவிலிருந்து செய்த கரிதான் பொருத்தம் என்பது என் கட்சி.

காரணம் துளையின் அளவு. மாசு கரியின் உட்பரப்பில் ஒட்டிக்கொள்வதைத்தான் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். கொட்டாங்குச்சிக் கரியை 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் நீராவி விட்டுப் பதப்படுத்தினால், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு உருவாகும். ஆனால் அதில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளில் இருக்கிறது. நாற்றம் தரும் சின்ன மூலக்கூறுகள் அங்கே சுலபமாக நுழையும். விற்பவர்கள் காட்டும் அயோடின் எண்ணும் சின்ன மூலக்கூறை வைத்து எடுத்த அளவுதான்.

பருத்தித் துணிக்குப் போடும் சாயம் அப்படியல்ல. ஆய்வகங்களில் வழக்கமாகச் சோதிக்கும் மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறு எடை சுமார் 320. பட்டறைகளில் புழங்கும் ரியாக்டிவ் பிளாக் 5 சாயத்துக்கு அது சுமார் 991. முன்னது நேர்மின் சுமை கொண்டது, பின்னது எதிர்மின் சுமை கொண்டது. மெத்திலீன் நீலத்தில் கிடைத்த நல்ல எண்ணை நம்பி பட்டறைக்குக் கரி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். எத்தனையோ ஆய்வுகள் அந்த நீலக் குடுவையோடு நின்றுவிடுகின்றன.

நார்க்கழிவு இலேசானது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் மிகுந்தது. துத்தநாக குளோரைடு சேர்த்துச் சுட்டால் சற்று அகலமான துளைகளும் கிடைக்கும், பெரிய சாய மூலக்கூறுக்கு வழி திறக்கும். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்திலேயே நார்க்கழிவுக் கரியைக் கொண்டு சாயம் நீக்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. குறையும் உண்டு. சரியாகக் கழுவாவிட்டால் கரியிலிருந்து துத்தநாகம் தண்ணீரில் இறங்கும், கழுவிய நீரே ஒரு கழிவாகும். பாஸ்பாரிக் அமிலம் அதைவிடத் தேவலை. 500 டிகிரி அளவிலேயே வேலை முடிந்துவிடும்.

உமியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. எரித்தால் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா. அதைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து எடுத்தால்தான் நல்ல கரி வரும். அரிசி ஆலைக் கொதிகலனில் ஏற்கெனவே உமிக்கு வேலை இருக்கிறது.

எந்தக் கரியானாலும் தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்காமல் போடக் கூடாது. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்க சோடா சாம்பல் போடுவதால் கழிவுநீர் காரமாக வரும். காரத்தில் கரியின் பரப்பு எதிர்மின் சுமை ஏறி, சாயத்தைத் தள்ளிவிடும்.

உறுதியில் கொட்டாங்குச்சியை யாராலும் வெல்ல முடியாது. குருணையாகத் தூணில் நிரப்பலாம், உலையில் சுட்டு மறுபடி பயன்படுத்தலாம். நார்க்கழிவுக் கரி பெரும்பாலும் பொடி. கலக்கி, வடித்து எடுத்தால் சாயமேறிய சேறுதான் கையில் மிஞ்சும். அதை எங்கே போடுவது என்பதைக் கரி வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். செலவு தாங்குமென்றால் நிறத்துக்கு முதலில் நார்க்கழிவுக் கரி, அப்புறம் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுக்கு முன்னால் கொட்டாங்குச்சித் தூண் என்று இரண்டையும் வரிசையாக வைப்பேன்.

அந்த ஆர்.ஓ.வைத் தவிர்க்க முடியாது. சாயத்தொட்டியில் கொட்டும் உப்பை இரண்டு கரியும் தொடாது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றையும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையையும் நாசமாக்கியதில் நிறத்தைவிட உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது அந்தச் சேதம். கரித்தூணிலிருந்து நிறமில்லாமல் வரும் தண்ணீரிலும் அந்த உப்பு அப்படியே இருக்கும்.