மூன்று நாடுகள், ஒரு வாடகைக் கார்: குரோஷியா போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கோடை விடுமுறையில் குரோஷியா, பொஸ்னியா, மாண்டிநீக்ரோ மூன்றையும் ஒரே காரில் சில வாரங்கள் சுற்றிவரத் திட்டமிடுகிறீர்களா? தங்குமிடத்தையும் கடற்கரையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வாடகைக் கார் கொடுக்கும் கம்பெனியின் நிபந்தனைத் தாளை முதலில் வரி விடாமல் படியுங்கள். முன்பதிவுத் தளத்தில் வரும் சுருக்கம் போதாது, கம்பெனியே எழுதிய முழுத் தாள் வேண்டும். சென்ற கோடையில் எங்களிடம் அநியாயமாகப் பிடுங்கிய பணத்தில் பெரும்பகுதி இப்போது திரும்பிவிட்டது. அதற்குள் ஒரு குளிர்காலமே கடிதப் போக்குவரத்தில் கழிந்தது. இன்னொரு குடும்பம் இந்தப் பாடு படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் ஜெர்மனியில் வசிக்கிறோம். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும், சென்னையிலிருந்து வந்திருந்த என் தம்பியும் சேர்ந்து புறப்பட்டோம். ஸாக்ரெப் விமான நிலையத்தில் கார் எடுத்து, பிளிட்விட்சே ஏரிகள், ஸாடர், ஸ்ப்ளிட் என்று தெற்கே இறங்குவது. அங்கிருந்து கடற்கரையை விட்டு உள்பக்கம் திரும்பி, பொஸ்னியாவிலுள்ள மொஸ்தார். பிறகு மாண்டிநீக்ரோவின் கோட்டோர் வளைகுடா, மறுபடி குரோஷியாவில் துப்ரோவ்னிக். கடைசியாக இஸ்திரியா வழியே ஸாக்ரெப் திரும்புவது. இதுதான் திட்டம்.

வரைபடத்தில் இவையெல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சட்டப்படி அப்படி இல்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதிக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள் வந்துவிட்டது, நாணயமும் யூரோ ஆகிவிட்டது. பொஸ்னியாவும் மாண்டிநீக்ரோவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கின்றன. ஆக, மொஸ்தாருக்குப் போவது ஷெங்கன் எல்லையைத் தாண்டுவது. ஊரிலிருந்து உறவினர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு பொஸ்னியாவுக்குள் போய்விட்டால் மறுபடி குரோஷியாவுக்குள் வர முடியாது. தம்பிக்குப் பலமுறை நுழையும் விசா இருந்ததால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

காருக்கும் இதே கதைதான். வாடகைக் காரை இன்னொரு நாட்டுக்குள் ஓட்டிப்போக உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அங்கே காப்பீடு செல்ல வேண்டும். அனுமதி இல்லாத நாட்டில் ஏதாவது நேர்ந்தால் எடுத்த காப்பீடு எதுவும் கைகொடுக்காது, முழுச் செலவும் நம் தலையில்தான். எங்கள் முன்பதிவில் “பொஸ்னியா, மாண்டிநீக்ரோ அனுமதி உண்டு” என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதை நம்பித்தான் அந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தோம்.

விமான நிலைய மேசையில் இருந்த ஊழியர் மூன்று விஷயங்களை அடுக்கினார். முதலாவது, 1,800 யூரோ பிணைத்தொகை. ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கடன் அட்டையில்தான் அதை நிறுத்திவைப்பார்களாம். டெபிட் அட்டை செல்லாது. இரண்டாவது, ஒரு நாளைக்கு 27 யூரோ வீதம் அவர்களின் “முழுக் காப்பீடு” எடுத்துக்கொண்டால் அந்தப் பிணைத்தொகை தேவையில்லை. ஜெர்மனியில் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறோம் என்று கணவர் சொன்னதும், “அது குரோஷியாவில் செல்லாது” என்றார்.

அது பொய். இந்த வகைக் காப்பீடு கார் கம்பெனிக்குப் பணம் தருவதில்லை. கம்பெனி நம்மிடம் பிடித்த தொகையை நமக்குத் திருப்பித் தருகிறது. எனவே கம்பெனி அதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அது செல்லும், பிணைத்தொகையை மட்டும் நாம் கட்டியாக வேண்டும். பயணம் சில வாரங்கள் நீளும்போது நாளுக்கு 27 யூரோ என்பது கார் வாடகையையே தாண்டிவிடும். விமானத்தில் வந்து களைத்து, பிள்ளைகள் சிணுங்க, பின்னால் வரிசை நிற்க, பயந்து கையெழுத்துப் போடும் குடும்பங்களைக் கண் முன்னே பார்த்தேன். நாங்கள் மறுத்துவிட்டோம்.

மூன்றாவது, எல்லை தாண்டும் கட்டணம் 80 யூரோ. முன்பதிவில் இப்படி ஒரு கட்டணமே இல்லை. இரண்டு நாடுகளுக்கும் சேர்த்துத்தானே என்று நானே கேட்டேன். ஆம் என்றார். பணம் கட்டினோம். குரோஷிய மொழியில் அச்சிட்ட ஒரு தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

ஸ்ப்ளிட்டில் இரவு தம்பி கைப்பேசியில் அந்தத் தாளை மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, “அக்கா, இதில் மாண்டிநீக்ரோ மட்டும்தான் இருக்கிறது. பொஸ்னியா பெயரே இல்லை” என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மொஸ்தாரின் பழைய பாலம் 1993-ல் போரில் தகர்ந்து, 2004-ல் மறுபடி எழுப்பப்பட்டது. அதைப் பார்ப்பதற்காகவே பள்ளியில் ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தாள் என் மூத்த மகள்.

காலையில் அதே கம்பெனியின் ஸ்ப்ளிட் கிளைக்குப் போனோம். பொஸ்னியாவுக்குப் புதிய தாள் வேண்டுமானால் இன்னொரு 80 யூரோ என்றார்கள். ஸாக்ரெபில் வாக்குக் கொடுத்ததைச் சொன்னோம். “நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்” என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. ரசீதில் “ஏற்கெனவே செலுத்திய கட்டணத்துக்கு மேல், எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது” என்று கணவர் ஆங்கிலத்தில் எழுதி, அதைப் படம் எடுத்துக்கொண்டு பணம் கட்டினார். இந்த ஒரு வரி பின்னால் எங்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

பொஸ்னியாவுக்கு அனுமதி கிடைக்காதவர்களுக்கு ஒரு தகவல். குரோஷியக் கடற்கரையை நேயும் என்ற ஊரருகே ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குப் பொஸ்னியா வெட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பெல்லாம் ஸ்ப்ளிட்டிலிருந்து தரைவழியே துப்ரோவ்னிக் போக அந்த எல்லையை இரண்டு முறை கடக்க வேண்டும். 2022 ஜூலையில் பெலேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு குரோஷியாவை விட்டு வெளியேறாமலே போகலாம். பாலத்துக்குக் கட்டணம் கிடையாது. கடற்கரை நெடுஞ்சாலையில் நேராகப் போனால் பொஸ்னியாவுக்குள் நுழைந்துவிடுவீர்கள், ஆகவே வழிகாட்டும் செயலியில் பாலத்தின் வழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் அழகாகவே இருந்தது. கோட்டோருக்கு மேலே லோவ்சென் மலைக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளைத் தம்பிதான் ஓட்டினான். இரண்டாவது ஓட்டுநராக அவன் பெயரையும், இந்திய உரிமத்தோடு எடுத்துவந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே சேர்த்திருந்தோம். ஹ்வார் தீவுக்குக் காரைக் கப்பலில் ஏற்றும் எண்ணத்தை மட்டும் கைவிட்டோம். கப்பலில் இருக்கும்போது காருக்கு ஏற்படும் சேதம் காப்பீட்டில் வராது என்று நிபந்தனைத் தாளில் பொடி எழுத்தில் இருந்தது. டயர், கண்ணாடி, கூரை, அடிப்பாகம் ஆகியவையும் அதே பொடி எழுத்தில்தான் விலக்கப்பட்டிருந்தன. அடிப்பாகம் என்ற சொல்லை நினைவில் வையுங்கள்.

ஸாக்ரெபில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எல்லாம் சரி” என்றார். எழுத்தில் கேட்டோம். மின்னஞ்சலில் வரும் என்றார்கள். அடுத்த வாரம் மின்னஞ்சலும் வந்தது: காரின் அடிப்பாகத்தில் உராய்வு, பழுதுபார்க்க 740 யூரோ, அதைக் கையாண்டதற்கு 90 யூரோ. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டையும் அட்டையிலிருந்து எடுத்தே விட்டார்கள். சான்றாக ஒரே ஒரு இருண்ட புகைப்படம். அதில் காரின் எண்ணும் இல்லை, தேதியும் இல்லை.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று இப்போது எனக்குப் புரிகிறது. காரை எடுக்கும்போது தரும் தாளில் ஒரு கார்ப் படம் இருக்கும். பழைய கீறல்களை அதில் குறிப்பார்கள். அந்தப் படத்தில் நான்கு பக்கமும் கூரையும் உண்டு, அடிப்பாகம் கிடையாது. குனிந்து பார்ப்பவரும் இல்லை. ஆகவே அங்கே இருக்கும் பழைய உராய்வை அடுத்தடுத்து வரும் யார் தலையிலும் கட்டலாம். எங்கள் விஷயத்தில் தம்பி, காரை எடுத்த அன்றே வண்டி நிறுத்தத்தில் தரையில் படுத்து, எண் பலகையில் தொடங்கி முன்பக்கத்தின் அடிவரை நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுத்திருந்தான். அவர்கள் அனுப்பிய அதே உராய்வு அதில் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் காணொளியைக் கம்பெனிக்கு அனுப்பினோம், பதில் இல்லை. அட்டை கொடுத்த வங்கியிடம் இரண்டு தொகைகளையும் மறுத்து எழுதினோம். ஒப்பந்தம், காணொளி, எங்கள் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் இணைத்தோம். 740 யூரோ திரும்ப வந்தது. 90 யூரோவை, ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட கட்டணம் என்று சொல்லி வங்கி விட்டுவிட்டது. எல்லைக் கட்டணத்துக்காக, கேல் நகரில் இருக்கும் ஐரோப்பிய நுகர்வோர் மையத்தின் ஜெர்மன் கிளையில் புகார் கொடுத்தோம். ஐரோப்பிய ஒன்றியத்திலும் நார்வே, ஐஸ்லாந்திலும் வசிப்பவர்களுக்கு, இன்னொரு உறுப்பு நாட்டு வணிகரோடு வரும் வழக்கில் இந்த மையங்கள் கட்டணமில்லாமல் உதவுகின்றன. அவர்கள் குரோஷிய மையத்துக்கு அனுப்பினார்கள். ரசீதில் எழுதிய அந்த எதிர்ப்பு வரியைக் கண்டதும் இரண்டாவது 80 யூரோவைக் கம்பெனி திருப்பித் தந்தது. இந்தியாவிலிருந்து நேரடியாக வருகிறவர்களுக்கு இந்த மையம் பொருந்தாது. அவர்களுக்கு வங்கி வழிதான். அதனாலேயே பணமாகவோ டெபிட் அட்டையிலோ கட்டாமல் கடன் அட்டையில் கட்டுங்கள்.

சேதத்துக்குப் பணம் எடுக்கும் முன் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, மறுக்க வாய்ப்புத் தருவோம் என்று 2015-ல் ஐந்து பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதி கொடுத்தன. எங்களுக்குக் கார் தந்த கம்பெனி அந்த ஐந்தில் இல்லை. விலைப் பட்டியலில் மலிவாக மேலே நிற்கும் பெயர்களைப் பார்க்கும்போது இதையும் பாருங்கள்.

இந்த ஜூலைக்கு ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டவர்கள் பதற வேண்டாம். இன்றே கம்பெனிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள்: எந்தெந்த நாடுகளுக்கு அனுமதி, மொத்தக் கட்டணம் எவ்வளவு, பிணைத்தொகை எவ்வளவு, எந்த அட்டை செல்லும், அடிப்பாகமும் டயரும் கண்ணாடியும் காப்பீட்டில் உண்டா. பதிலை அச்சிட்டுக் கையில் கொண்டுபோங்கள். அனுமதித் தாளை வாங்கியதும் மேசையை விட்டு நகராமல் நாடுகளின் பெயரை மொழிபெயர்த்துப் பாருங்கள். காரைப் பகலில், ஆள் இருக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுத்து, சேதம் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையும் பேசிக்கொண்டே காணொளியாக எடுத்துவிடுங்கள்.

90 யூரோ இன்னும் வரவில்லை. அதற்கான புகார் கேலில் இருக்கிறது. முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.