விரல் மைக்கு ஒரு மதிப்புரை: குடியாத்தத்திலிருந்து

மைசூரில் உள்ள கர்நாடக அரசு நிறுவனம் ஒன்று 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து தயாரித்துத் தரும் அழியாத மை எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை விரலில் வாங்கிக்கொண்ட வாக்காளன் என்ற தகுதி ஒன்றுதான் இந்த மதிப்புரையை எழுத எனக்கு உண்டு.

குடியாத்தத்துக்காரர்களான எங்களுக்கு அதைச் சோதித்துப் பார்க்க 2019இல் அரிய வாய்ப்பு ஒன்று அமைந்தது. ஏப்ரல் 18 அன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு வாக்களித்தோம். அதே நாளில் நடந்திருக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல், பெருந்தொகைப் பணம் பிடிபட்டதால் இரண்டு நாட்களுக்கு முன் ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்றுதான் நடந்தது. ஆக, 109 நாள் இடைவெளியில் இரண்டு முறை மை. தோலில் பட்டது சில வாரங்களில் மங்கிப் போயிற்று. நகத்தில் பட்டதோ சோப்புக்கும் எலுமிச்சைக்கும் அசையாமல், நகம் வளர வளர மேலேறி, மறுமுறை சாவடிக்குப் போன அன்று நுனியில் பிறைபோல ஒரு கீற்றாக நின்றது. மையிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் படப்படக் கறுப்பதால் கழுவி எடுக்க வழியில்லை. நகத்தின் நுனியிலிருந்து முதல் மூட்டின் அடிவரை கோடாக இழுக்க வேண்டும் என்பது 2006 முதல் உள்ள நடைமுறை; பொட்டு வைப்பதுபோலத் தொட்டுவிட்டு அனுப்பும் அலுவலர்களையும் பார்த்திருக்கிறேன், அது மையின் குற்றமன்று.

ஒரே ஆள் மறுபடி வரிசையில் நிற்பதைத் தடுக்கும் வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம். ஆனால் கள்ள ஓட்டு முழுவதையும் இந்த மை தடுத்துவிடும் என்ற நம்பிக்கை ஊரில் பரவலாக இருக்கிறதே, அதற்குத்தான் என்னால் மதிப்பெண் தர முடியவில்லை. முந்தைய ஒரு தேர்தலில் பக்கத்து வீட்டு அத்தை சாவடிக்குப் போனபோது அவர் பெயரில் யாரோ ஏற்கெனவே வாக்களித்திருந்தார்கள். அந்த ஆளின் விரலிலும் இதே மைதான் இருந்திருக்கும். தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி அத்தைக்கு இயந்திரத்தில் அல்லாமல் வாக்குச்சீட்டில் ஆய்வுக்குரிய வாக்களிக்க இடம் தந்தார்கள். அது தனி உறைக்குள் போய்விடும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. “போட்டும் போடாத மாதிரிதானேப்பா” என்றார் அத்தை.

ஆள்மாறாட்டத்தைப் பிடிப்பது, தெருவாரின் முகம் தெரிந்த, சாவடியில் கட்சி சார்பில் உட்காரும் முகவரின் கண். சந்தேகம் வந்தால் இரண்டு ரூபாய் கட்டி அவர் ஆட்சேபிக்கலாம். சாவடியின் தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து, ஆள்மாறாட்டம் உறுதியானால் காவல்துறையிடம் ஒப்படைப்பார். கட்சிகளோ முகவராக அனுப்புவோரில் பலரை மதிய பிரியாணிக்குப் பிறகு இருக்கையில் காண முடிவதில்லை. இறந்தவர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப் படிவம் 7 கொடுப்பதும் ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் வேலையில் சேரும். அடக்கம் முடிந்த வீட்டில் அது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. சுமார் பத்து லட்சம் வாக்குகள் பதிவான அந்த வேலூர்த் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 மட்டுமே.

அத்தை இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும்போதே வரிசையின் முதல் ஆளாக நிற்கிறார்.