5ஜி வீட்டு இணைப்பு: ஃபைபருக்கு மாற்றா?

வேளச்சேரிப் பக்கம் எங்கள் தெருவில் ஃபைபர் ஒரு மாதம் முழுசாக ஓடினால் அதிசயம். மழைநீர் வடிகாலுக்கு ஒரு தடவை, குடிநீர்க் குழாய்க்கு ஒரு தடவை என்று தோண்டுவார்கள், கேபிள் அறுந்துவிடும், கேபிள்காரர் போனை எடுக்கவே மாட்டார். அலுத்துப்போய்த்தான், கேபிள் இல்லாமல் செல்போன் டவரிலிருந்தே வீட்டுக்கு நெட் தருகிற 5ஜி வீட்டு இணைப்புக்கு மாறினேன்.

பொருத்த வந்த தம்பி சிக்னல் வாங்கும் ஆன்டெனா டப்பாவை டிவி பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார். விடாதீர்கள், மொட்டை மாடியில்தான் மாட்டச் சொல்லுங்கள். 5ஜியின் வேகமெல்லாம் பெரும்பாலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறது, அது கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் சுவருக்குள் நன்றாகவே நுழையும், ஆனால் 2022 அலைக்கற்றை ஏலத்தில் அதை வாங்கிய ஒரே நிறுவனத்துக்குக் கிடைத்தது 10 மெகாஹெர்ட்ஸ் அகலம்தான், அந்த இடத்துக்குள் எவ்வளவு டேட்டா ஓடும்? எங்கள் மாடியில் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மாட்டினார், படம் சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டிக்கு இந்தப் பக்கம், டவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்ததும் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு நூறும் வந்துவிட்டது. மாடி ஆன்டெனாவுக்குக் கரன்ட் கீழேயிருந்து, நெட் வருகிற அதே ஒயரில்தான் போகிறது, அதனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கரன்ட் போனாலும் டவரின் பேட்டரி தாங்குகிறவரை நெட் ஓடும்.

சரி, குறைகள். இரவு எட்டு மணிக்கு மேல், தெருவே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற நேரத்தில், வேகம் பாதியாகிறது. டவரைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பங்கு போட்டுக்கொள்கிறோம், வேறென்ன ஆகும்? அப்லோடு சுமார்தான். அதைவிட எரிச்சல், வெளியிலிருந்து நம் வீட்டு நெட்டை நேரடியாகத் தொட உதவும் பொது ஐபி முகவரி கிடையாது, ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வீட்டு சிசிடிவியின் பதிவுப் பெட்டியான டிவிஆருக்கு ஐபி போட்டு ஆபீசிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது நின்றுபோகும், கேமரா நிறுவனத்தின் கிளவுட் வழியாகத்தான் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் ரௌட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள்!

அப்புறம், தகவல் போய்ச்சேர ஒரு மில்லிசெகண்ட் தாமதம்தான் என்று விளம்பரங்களில் வருவதை நம்பி கேம் ஆடுகிற பையனுக்கு வாங்கித் தராதீர்கள். அது ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு 5ஜிக்கு வைத்த இலக்குகளில் ஒன்று, அதுவும் டவருக்கும் கருவிக்கும் இடையிலான தூரத்துக்கு மட்டும். எனக்கு 30 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். இத்தனைக்கும் நாட்டின் 5ஜி சோதனைக் களத்தை முன்னின்று அமைத்த ஐஐடி மெட்ராஸ் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2023லேயே ஐடியு 6ஜிக்கான வரைவையும் போட்டுவிட்டது, இங்கே ராத்திரி எட்டு மணியைத் தாண்டுவதே பாடாக இருக்கிறது.

ஃபைபர் ஒழுங்காக வருகிற தெருவில் இருந்தால் மாற வேண்டாம். வாடகை வீடு என்றால், மாடியில் ஆன்டெனா மாட்ட ஓனரிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.