கடன் ஆலோசனை + தெரபி ஒரே இடத்துல: நாலு மாசம் போயிட்டு வந்த ரிவ்யூ (4/5)

முன்னாடி ரெண்டுக்கும் தனித்தனியா அலைஞ்சிருக்கேன். டாக்டர்கிட்ட போனா தூக்கத்துக்கு மாத்திரை, கடன் ஆலோசகர்கிட்ட போனா "எல்லா ஸ்டேட்மென்ட்டும் எடுத்துட்டு வாங்க"ம்பார், ஸ்டேட்மென்ட் வர்ற கவரை பிரிக்கவே கை நடுங்குதுன்னு அவர்கிட்ட எப்படி சொல்றது, அடுத்த தடவை போகவே இல்ல.

இங்க முதல் நாளே பிஎச்க்யூ-9னு மனச்சோர்வு எவ்ளோ இருக்குன்னு பாக்குற ஃபாரம் குடுத்தாங்க, 9 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0-ல இருந்து 3 மார்க். மார்க் கூடக் கூட சோர்வும் அதிகம்னு அர்த்தம், எனக்கு 27-க்கு 17. கடைசி கேள்வி சாகணும்னு தோணுதான்னு. அதுல நான் 1 போட்டிருந்தேன், அன்னிக்கு கடன் பேச்சையே எடுக்காம அதை மட்டும்தான் பொறுமையா கேட்டாங்க.

மூணாவது செஷனுக்கு பிரிக்காத கவர் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு கொண்டு போனேன், 23 இருந்துச்சு. "ஒண்ணே ஒண்ணு பிரிங்க, இப்ப பயம் பத்துக்கு எவ்ளோ?"ன்னாங்க. 9-ன்னேன். பிரிச்சா, முகவரி மாறினா தெரிவிக்கவும்னு ஒரு நோட்டீஸ், அவ்ளோதான்! இதுக்கா ரெண்டு மாசம் தூங்கலன்னு இருந்துச்சு. தள்ளிப் போட்டா அப்போதைக்கு ஒரு நிம்மதி வருதுல்ல, அந்த நிம்மதிதான் மறுபடி தள்ளிப் போட வைக்குதுன்னு தெரபிஸ்ட் சொன்னது அப்பதான் உறைச்சுது.

இங்க கடன் ஆலோசனை சொல்ற ஆளு வேற மாதிரி. அதுவரைக்கும் போன்ல யார் அதிகமா கத்துறாங்களோ அவங்களுக்குத்தான் முதல்ல கட்டிட்டு இருந்தேன். எதை கட்டலன்னா வீடு போகும், கரண்ட் போகும், அதை மேல எழுதுங்க, கிரெடிட் கார்டு எல்லாம் அதுக்குக் கீழன்னார். கார்டுக்கு மாசம் குறைஞ்சபட்சம் கட்டுற மினிமம் டியூல பெரும்பகுதி வட்டிக்கே போகுதுன்னு பேப்பர்ல போட்டுக் காட்டினார், ஷாக்தான்.

நம்ம சம்மதத்தோட ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க, அதுதான் இங்க விசேஷம். நான் ரொம்ப டல்லா இருந்த வாரம் "இந்த வாரம் கடன் குடுத்தவங்கள்ல ஒருத்தருக்கு மட்டும் போன் பண்ணுங்க"ன்னு வேலையை குறைச்சுட்டாங்க, அதையும் ஸ்பீக்கர்ல போட்டு கடன் ஆளு பக்கத்துலயே உக்காந்திருந்தார்.

கடுப்பானது: 7 வாரம் வெயிட்டிங், வட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா? நடுவுல கடன் ஆள் மாறிட்டார், புதுசா வந்தவர் ஃபைலை படிக்கவே இல்ல, மொத்த கதையும் முதல்ல இருந்து. போதாக்குறைக்கு சுவரு மெல்லிசு, பக்கத்து ரூம்ல யாருக்கு எவ்ளோ பாக்கின்னு நல்லாவே கேக்குது.

கடன் பெருசா குறையல, ஆனா அந்த பிஎச்க்யூ-9 ஸ்கோர் 17-ல இருந்து இப்ப 8. போன வாரம் ரெண்டு கவர் வந்துச்சு, ஒண்ணை வாசல்லயே நின்னு பிரிச்சுட்டேன், இன்னொண்ணு ஃப்ரிட்ஜ் மேல இருக்கு.