மீரட் செம்பு பியூகிள்: விடியல் முதல் லாஸ்ட் போஸ்ட் வரை தாங்குமா?

ராணுவ முகாம்களில் அழைப்பு ஊதும் கொம்பான பியூகிளைச் சென்னைக் கடையில் 'பிகில்' என்று கேட்டால் விசிலை எடுத்து நீட்டுவார்கள். அதனால் 'பி ஃபிளாட் பியூகிள், செம்பு உடல், பித்தளை விளிம்பு, கழற்றக்கூடிய மவுத்பீஸ்' என்று முழுசாகச் சொல்லுங்கள். பேண்டு வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட், ஜாலி கோத்திப் பட்டறைகளில் இருந்து வரும் இந்த ரகத்தை என்சிசி பிரிவுகளும் பள்ளி பேண்டுகளும் ஆன்லைனிலேயே வாங்கிவிடுகின்றன. படத்தில் எல்லாமே தகதகக்கும். வேலைக்கு எது ஆகும் என்பதை ஊதித்தான் சொல்ல முடியும்.

பிரிட்டிஷ் வடிவமைப்பு இது. சுமார் நாலரை அடிக் குழாயை இரண்டு சுற்றாக மடக்கியிருப்பார்கள். வால்வு கிடையாது, எல்லாம் உதட்டின் வேலை. முகாம் அழைப்புகளுக்குக் கிடைப்பது ஐந்தே சுரம். நோட்டில் சி, ஜி, சி, இ, ஜி என்று இருக்கும். காதில் விழுவது ஒரு முழு சுரம் கீழே. நம் கணக்கில் ச, ப, ச, க, ப. காந்தாரம் பியானோவைவிட 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கி நிற்கும். டியூனரில் இதைப் பார்த்துவிட்டுக் கருவியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், குழாயின் இயற்கையே அதுதான். தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரமும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

திருப்பி அனுப்ப வேண்டியது வேறு கோளாறுக்கு. உதட்டை வளைத்துச் சமாளிக்காமல் நடு ப, மேல் ச, மேல் ப மூன்றையும் மும்மூன்று முறை ஊதிப் பாருங்கள். மேல் ப ஒவ்வொரு முறையும் 10 சென்ட்டுக்கு மேல் விலகினால் குழாயின் உள்வடிவம் சரியில்லை, பழக்கத்தால் அது தீராது. கீழ் ச மங்கலாக வந்தால் மன்னிக்கலாம். அமெரிக்கப் படையின் டாப்ஸ் அழைப்பின் 24 சுரங்களும் அதைத் தொடாமல் மேலே உள்ள நாலிலேயே முடிந்துவிடுகின்றன.

நல்ல மீரட் செம்பு உடல் இந்தச் சோதனையைத் தாண்டிவிடுகிறது. விடியற்காலையில் முகாமை எழுப்பும் ரெவெலி அழைப்புதான் அதன் முதல் தொல்லை. காற்று 10 பாகை குளிர்ந்தால் சுருதி கிட்டத்தட்ட 30 சென்ட் இறங்கும். குன்னூரை ஒட்டிய வெலிங்டன் போன்ற ஊரில், அதுவும் டிசம்பரில், தனியாக ஊதினால் யாருக்கும் தெரியாது. ஒன்று சூடாகவும் ஒன்று குளிர்ந்தும் இரண்டு பியூகிள் சேர்ந்தால் அலை அலையாக அதிரும். மவுத்பீஸைச் சட்டைப்பையில் வைத்திருங்கள், ஊதும் முன் சத்தமில்லாமல் அரை நிமிடம் மூச்சை உள்ளே விடுங்கள். பெரும்பாலான மாதிரிகளில் சுருதி இழுப்புக் குழாய் இல்லாததால் இதைத் தவிர வழியில்லை.

கொடி இறக்கும் மாலை அழைப்பான ரிட்ரீட்டில் கருவியின் நம்பகம்தான் எல்லாம். கொடியைச் சுறுசுறுப்பாக ஏற்றி நிதானமாக இறக்க வேண்டும், பியூகிள் ஒலித்தால் அதனோடு சேர்ந்தே இரண்டும் நடக்க வேண்டும் என்கிறது 2002 இந்தியக் கொடி நெறிமுறை. கயிற்றைப் பிடித்திருப்பவர் உங்கள் காற்றைக் கேட்டுத்தான் கையை நகர்த்துகிறார். நடுவில் தண்ணீர் தேங்கி சுரம் கொரகொரத்தால் கொடியும் தடுமாறும். இந்தப் பியூகிளில் தண்ணீர் திறப்பும் இல்லை. அழைப்புக்கு முன் மவுத்பீஸைக் கழற்றி, வளைவுகளைத் தொடர்ந்து உடலை முழுசாகச் சுழற்றி வடித்துவிடுங்கள். சும்மா கவிழ்த்து உதறினால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும்.

லாஸ்ட் போஸ்டில் நீண்டு நிற்கும் சுரங்கள் அதிகம், ஒழுகும் மூட்டு அங்கேதான் காட்டிக்கொடுக்கும். காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடித்ததற்கான இரவு அழைப்பாக இருந்தது பின்னால் அஞ்சலிக்கு வந்தது. அஞ்சலி மௌனத்துக்குப் பின் ஒலிப்பது ரவுஸ் என்ற வேறு அழைப்பு. அதை ரெவெலி என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடிப்பது பழைய தவறு. ஒழுக்கைப் பிடிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். பெல்லை (விரிந்த வாயை) ரப்பர் பந்தால் இறுக மூடி, மவுத்பீஸ் பக்கம் மட்டும் வெளியே நிற்கும்படி உடலை அமுக்கி, மெல்ல ஊதுங்கள். குமிழி வரும் இடத்தில் ஈயப்பற்று விட்டிருக்கிறது. மலிவு ரகங்களில் தாங்கு கம்பி ஒட்டிய இடம்தான் முதலில் விடும்.

நசுங்கல் எல்லாம் ஒன்றல்ல. பெல் விளிம்பில் விழுந்தால் அழகுதான் போகும். மவுத்பீஸை அடுத்த ஒடுங்கிய பகுதியில் பட்டாணி அளவு பள்ளம் விழுந்தாலும் மேல் சுரங்கள் வழுக்கும். மவுத்பீஸ் சங்கிலியை அறுத்து எறியாதீர்கள். மவுத்பீஸ் தொலைந்தால் சிலர் டிரம்பெட் மவுத்பீஸில் காகிதம் சுற்றிச் செருகுவார்கள். தண்டின் கூம்பு பொருந்தாது, ஆடும், சுருதி சுரத்துக்குச் சுரம் மாறும்.

பிராஸோ பாலிஷைச் செம்பு உடலுக்குத் தாராளமாகப் போடலாம். லாக்கர் பூசிய பித்தளைக்குப் போட்டால் பூச்சு திட்டுத்திட்டாக உரியும், அதற்கு ஈரத்துணியே போதும். மவுத்பீஸ் உடலோடு பற்றவைத்திருந்தாலோ, மரப்பீடத்தோடு வந்தாலோ, அது அலமாரிச் சாமான். அணிவகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். சுருதியையும் பாருங்கள்: அமெரிக்க விதிமுறை பியூகிள் ஜி சுருதி, பி ஃபிளாட்டோடு சேர்ந்து ஊதவே முடியாது.

ஊத ஆளே இல்லாத இடத்துக்கு அமெரிக்கர்கள் 2003 முதல் வேறு வழி வைத்திருக்கிறார்கள். பியூகிளின் பெல்லுக்குள் பேட்டரி ஒலிக்கூம்பைச் செருகி, பொத்தானை அழுத்திவிட்டு, உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பது. படைவீரர் இறுதி மரியாதையில் டாப்ஸ் ஒலித்தே ஆக வேண்டும், ஊதத் தெரிந்தவர்களோ போதவில்லை என்பதால் வந்த ஏற்பாடு. அந்த வேலைக்கு அது சரி. ஆனால் கயிற்றைப் பிடித்தவர் தாமதித்தால் பதிவு அவருக்காகக் காத்திருக்காது. கொடிக்கம்பம் உள்ள முகாமுக்கு என் ஓட்டு செம்பு பியூகிளுக்கே, ஐந்துக்கு நான்கு. தண்ணீர் திறப்பு இல்லாததற்கு ஒன்றைக் குறைத்தேன். வாங்கும்போதே மாற்று மவுத்பீஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.